கூடல் கண்ட வழிப்போக்கர்

மதுரை மாநகர்க்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் திருப்பரங்குன்றம் நிமிர்ந்து நிற்கின்றது. சுற்றிலும் பரந்த சமவெளி. அதனிடையே ஓங்கிய கற்பாறை. முருகவேளின் ஆறு படைவீடுகளுள் முதலாவதாக வைத்துப் போற்றப்பெறுவது அக்குன்றம். அதன் வடபுறத்துப் பாறையைக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தார் கோயில் எடுத்தனர். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மதுரையை நோக்கி நடந்த வழிப்போக்கர்க்கு, நகரத்து மதிலும் மாடமும் தோன்றுமுன் இக்குன்றமே முதலிற் கண்ணிற்பட்டிருக்கும்.

சங்கத் தொகைநூல்களுள் ஒன்றாகிய பரிபாடலில் இக்குன்றத்துக்குச் செல்லும் வழி அழகுறப் பேசப்படுகின்றது. கூடல் நகரத்து மக்கள் ஆடவரும் மகளிருமாகத் திரண்டு குன்றத்துக்கு வருகின்றனர். அங்கே ஓவியம் எழுதிய மண்டபம் ஒன்று உண்டு. வந்தவர்கள் ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, 'இவர் யாவர்? இவர் யாவர்?' என்று வினவுகின்றனர். அறிந்தவர்கள் விடை கூறுகின்றனர். புதிய இடத்திற் கால் வைத்தவர் கைந்நீட்டி வினவுவது அன்றும் இன்றும் ஒன்றே.

மதுரையைப் புதியவராக வந்து கண்டோருள் தமிழர் மறவாதவன் கோவலன். புகார் நகரத்து வணிகனாகிய அவனுக்குப் பாண்டியன் தலைநகர் வேற்று நாட்டு ஊரேயாகும். கண்ணகியைப் புறஞ்சேரியிற் கவுந்தியடிகளிடம் விட்டு, அவன் தனியே நகருக்குட் புகுந்து தெருத் தெருவாக நடந்தான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் குவிந்த வீதி என ஒவ்வொன்றையும் வணிகனுக்குரிய கண்ணால் நோக்கினான். எந்த மணிக்கு என்ன குற்றம், பொன்னில் எத்தனை வகை என்பனவெல்லாம் அப்பகுதியில் விரிவாக வருகின்றன. மீண்டு வந்து, பாண்டியன் செங்கோற் சிறப்பை அடிகளிடம் அவன் புகழ்ந்துரைத்தான். அச்செங்கோல் அவனுக்கு என் செய்தது என்பதை மாணவர்கள் அறிவர். முதற்பார்வை எவ்வளவு கூரியதாயினும், ஒரு நகரத்தை முழுதும் காட்டிவிடுவதில்லை.

கோவலன் காப்பிய மாந்தன். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன், நெடுந்தொலைவிலிருந்து உண்மையாகவே வந்து மதுரையைக் கண்டு, கண்டதை நூலிற் பதித்துவைத்த பிறிதொரு வழிப்போக்கர் உண்டு. அவர் பெயர் இப்னு பதூதா.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையில், இன்று மொராக்கோ எனப்படும் நாட்டில், தாஞ்சியர் என்னும் கடற்கரை நகரில் 1304-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். 1325-இல், 21 வயது இளைஞராக, மக்கா நகருக்குப் புனிதப் பயணம் புறப்பட்டார். போனவர் உடனே திரும்பினாரல்லர். எகிப்தும் அரேபியாவும் பாரசீகமும் கடந்து தில்லி வந்து சேர்ந்தார். முகமது பின் துக்ளக்கின் அவையில் நீதிபதியாகச் சில ஆண்டுகள் அமர்ந்தார். பின்னர் அவ்வரசனின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டவர், கள்ளிக்கோட்டையிற் புயலால் மரக்கலம் சிதையப் பொருளையும் பரிசுகளையும் இழந்தார். அரசன் முன் வெறுங்கையுடன் திரும்ப அஞ்சி மாலத்தீவுக்குச் சென்று, அங்கும் நீதிபதியானார். 1344-இல் அத்தீவை விட்டு நீங்கி, இலங்கையிற் பாவா ஆதம் மலையை ஏறிக் கண்டபின், தமிழகத்தை நோக்கிக் கடலேறினார். அரபு வணிகர் நம் கீழ்க்கடற்கரையை 'மஅபர்' என்று அழைத்தனர். 'கடந்து செல்லும் துறை' என்பது அச்சொல்லின் பொருள்.

கடல் அவரை எளிதிற் கரைசேர விடவில்லை. கடுங்காற்று எழுந்தது, மரக்கலத்தினுள் நீர் புகுந்தது, கரைக்குச் சற்று அப்பால் ஆழமில்லாத இடத்திற் கலம் தரைதட்டி நின்றது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தி, மரங்களைப் பிணைத்து மிதவை செய்தனர். உடன்வந்தோரை அதில் ஏற்றிவிட்டு, நன்கு நீந்த அறியாத இப்னு பதூதா, மூழ்கிக்கொண்டிருந்த கலத்தின் பின்பகுதியைப் பற்றியவாறு இரவு முழுதும் இருந்தார். பொழுது விடிந்தபின் அக்கரையில் வாழ்ந்த மக்கள் படகிற் சென்று அவரை மீட்டனர்.

மீட்டவர்கள் அவரை அடர்ந்த தோப்பு ஒன்றுக்கு அழைத்துச் சென்று, ஒரு பழத்தைக் கொடுத்தனர். அது பார்வைக்குத் தர்ப்பூசணி போன்றது. பனையினத்தைச் சேர்ந்த மரத்திற் காய்ப்பது. உள்ளே பஞ்சு போன்ற நாரும், அந்நாரிடையே தேன் போன்ற சாறும் உடையது. அதிலிருந்து சருக்கரை போன்ற இனிப்பு செய்வர் என்று அவர் விரித்துரைக்கின்றார். அவர் இவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருப்பதனால், அது பனம்பழமே என்று துணியலாம். தமிழ்நாட்டு மண்ணில் அவர்க்குக் கிடைத்த முதல் விருந்து பனம்பழமும் நல்ல மீனும். இவற்றை இட்டவர்களின் பெயர்களை அவர் நூல் சொல்லவில்லை.

அக்காலத்து மதுரையின் நிலையை ஈண்டுச் சிறிது அறிதல் வேண்டும். பாண்டியர் தம்முட் பகைத்து வலிகுன்றியபின், தில்லிப் பேரரசு மதுரையைக் கைப்பற்றியது. தில்லியின் ஆளுநராக இங்கிருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1335-ஆம் ஆண்டளவில் தன்னுரிமை முழக்கித் தானே அரசனானான். அவன் மகளிருள் ஒருத்தியை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொருத்தியை மணந்தவனே, அவர் வந்தபோது மதுரையை ஆண்ட கியாசுத்தீன். ஆகவே, கடலில் மூழ்கி எழுந்து வந்தவரும் நாடாளும் வேந்தனும் சகலர் முறையினர். செய்தி கேட்ட அரசன் பல்லக்கும் குதிரைகளும் அனுப்பித் தன் பாசறைக்கு வரவழைத்தான்.

அங்கே ஒரு சிறு நிகழ்ச்சி. அரசன் முன் செல்வோர் தோலாலாகிய காலுறை அணிந்தே செல்லுதல் வேண்டும் என்பது அந்நாளைய அவை வழக்கம். கடலில் யாவும் இழந்த இப்னு பதூதாவிடம் காலுறை இல்லை. அவர் சமயத்தவர் பலர் அருகில் நின்றனர்; ஒருவரும் உதவ முன்வரவில்லை. இந்து சமயத்தார் ஒருவர் தம் காலுறையைத் தந்தார். தம்மவரினும் இவர் பெருந்தன்மை மிக்கவராயிருந்தது தமக்கு வியப்பளித்தது என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றார். தம் சமயத்தில் உறுதியான பற்றுடைய ஒருவர் இதனை எழுதாமலே விட்டிருக்கலாம். எவரும் அறிந்திருக்கப் போவதில்லை. எழுதினார் என்பதனால், அவர் நூலிற் பிற செய்திகளும் மதிப்புப் பெறுகின்றன.

அரசனின் விருந்தோம்பலுக்கு நன்றி பாராட்டிய அவரே, அரசனின் கொடுமையையும் மறைத்தாரல்லர். போரிற் சிறைப்பட்டோரை, அவர்தம் மனைவி மக்களொடும் கொல்லும் கொடிய வழக்கம் கியாசுத்தீனிடம் இருந்தது. ஒருநாள் அரசனுடன் அமர்ந்து உணவு கொண்டிருந்த வேளையில், சிறைப்பட்ட ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயதுச் சிறுவனையும் கொணர்ந்து நிறுத்தினர். அரசன் கொலைக்குக் குறிப்புக் காட்டினான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தகைய இழிசெயலை வேறு எவ்வரசனிடமும் தாம் கண்டதில்லை என்று தம் நூலிற் கடிந்துரைத்தார். ஆயினும் அன்று அவையில் அவர் வாய் திறந்து தடுத்ததாகத் தெரியவில்லை. வழிப்போக்கரின் நாவுக்கு வலிமை குறைவு போலும்.

பாசறையிலிருந்து அவர் கடற்கரைத் துறையாகிய பட்டணத்துக்குச் சென்று சிலநாள் தங்கினார். பருத்த மரத்தூண்கள்மேல் நீரிடையே எழுப்பிய மரமண்டபம், கல்லாலாகிய பள்ளிவாசல், நிறைந்து கிடைத்த திராட்சை, நல்ல மாதுளை ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்தார். பகைவர் கடல்வழி வரின், கலங்களை அம்மண்டபத்தோடு பிணித்துவிட்டு வில்லாளர் மேலேறி நின்று பொருவராம். பின்னரே மதுரைக்குப் புறப்பட்டார்.

மதுரையைக் கண்டதும் அவர் கூறியது சுருக்கமானது: அது பெருநகரம், அதன் தெருக்கள் அகன்றவை, தம் மாமனாராகிய அஹ்சன் ஷா அதனைத் தலைநகராக்கித் தில்லியைப் போலத் தோன்றும்படி அமைத்தார் என்பதே. தில்லியிற் பல ஆண்டு வாழ்ந்தவர் ஆதலின் தில்லியே அவர்க்கு அளவுகோலாயிற்று. தஞ்சையையோ காஞ்சியையோ கண்டவராயின் வேறு ஒப்புமை கூறியிருப்பார்.

எனினும், தெருக்களின் அகலம் அவர் கண்ணில் முதலிற் பட்டமை கருதத்தக்கது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் தலைநகரை ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றிக் காட்டுகின்றது. அப்பாட்டிலும் மதுரைத் தெருக்கள் ஆறு போல் அகன்று கிடந்தன என்றே பேசப்படுகின்றது. பகலிற் கூடும் நாளங்காடியும், மாலையில் விளக்கொளியிற் கூடும் அல்லங்காடியும், பல மொழி பேசும் மாந்தரின் ஆரவாரமும், பூவும் வெற்றிலையும் விற்போரும், நள்ளிரவில் ஊர்காவலர் நடமாட்டமும் அப்பாட்டில் உண்டு. தமிழ் அறியாத இப்னு பதூதா அப்பாட்டைக் கேட்டிருக்க இயலாது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், புலவர் ஒருவரும் அயலார் ஒருவரும் இந்நகரத்தைக் குறித்து ஒரே செய்தியைச் சொல்லியிருக்கின்றனர். இன்று கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் ஒழுங்கு பின்வந்த நாயக்கர் காலத்தது என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ளல் வேண்டும். அவர் நடந்த தெருக்கள் இவையேயென்று கொள்ளுதல் பொருந்தாது.

அகன்ற தெருக்களுக்கு அப்பால் அவர் கண்டது என்ன? நகரத்து மதிலில் ஒரு மனிதத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் 1342-ஆம் ஆண்டளவில் கண்ணனூர்ப் போரிற் கியாசுத்தீனிடம் சிறைப்பட்டார். அப்போது அவர் 80 ஆண்டு கடந்த முதியவர் என்று இப்னு பதூதா குறிக்கின்றார். அவருடைய செல்வத்தையும் யானைகளையும் பெற்றுக்கொண்டபின், அவரைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதிலில் தொங்கவிட்டனர். நூலிற் படித்தோ பிறர் சொல்லக் கேட்டோ அவர் இதனை எழுதவில்லை. தம் கண்ணாற் கண்டதாகவே கூறுகின்றார்.

மதிலுக்கு உள்ளேயோ, அதனினும் கொடிய வேந்தன் ஒருவன் ஆண்டுகொண்டிருந்தான், அவன் கொள்ளைநோய். நோயுற்றோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். மிஞ்சினால் நான்காம் நாள். வீட்டை விட்டு வெளியே வந்த போதெல்லாம் நோயாளரையும் பிணத்தையுமன்றி வேறு எவரையும் காணவில்லை என்று அவர் வருந்துகின்றார். அந்நாளில் அடிமை வாணிகம் இருந்தது. நோயற்றவள் என்று உறுதிகூறி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். மறுநாள் அவள் இறந்தாள்.

பிறிதொரு நாள் ஒரு பெண்மணி அவரைக் காண வந்தார். அவர் கணவர் முன்னாள் அரசனிடம் அமைச்சராயிருந்தவர். குடும்பம் நலிந்து, கைப்பொருள் இன்றி, எட்டு வயது மைந்தனைக் கையிற் பிடித்துக்கொண்டு அயலார் வாயிலில் வந்து நின்றார். சிறுவன் அறிவும் பண்பும் உடையவனாகத் தோன்றினான். இப்னு பதூதா இருவர்க்கும் பொருளுதவி செய்தார். இருவரும் நல்ல உடல்நலத்தோடு திரும்பிச் சென்றனர். மறுநாள் அத்தாய் மீண்டும் வந்தார். இம்முறை தனியே வந்தார். மகனுடைய உடலைப் போர்த்தி அடக்கம் செய்வதற்குத் துணி வேண்டுமென்று கேட்டார்.

அரண்மனை மதிலும் நோயைத் தடுக்கவில்லை. அரசன் நகரை விட்டு நீங்கி, கோயிலொன்று இருந்த ஆற்றங்கரையிற் பாளையம் இறங்கினான். ஒரு வியாழக்கிழமை அரசனின் ஒரே மகன் இறந்தான். அடுத்த வியாழக்கிழமை அரசனின் அன்னை இறந்தார். மூன்றாம் வியாழக்கிழமை அரசனே மாண்டான். சிறைப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இரங்காத கைகள் தன் பிள்ளையைக் காக்கவும் வலியற்றுப் போயின. கலகம் மூளுமோ என்று அஞ்சி இப்னு பதூதா பாளையத்திலிருந்து நகருக்கு விரைந்தார். அரசனின் உடன்பிறந்தார் மகன் நாசிருத்தீன் அரியணை ஏறினான்.

இறுதியில் நோய் அவரையும் பற்றியது. கொடுங்காய்ச்சல் கண்டு, இதுவே தம் முடிவென்று எண்ணினார். அந்நிலையில் அவர் உயிரைக் காத்தது நம் வீட்டு அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் புளி. அந்நாட்டிற் புளி மிகுதி என்று அவர் கூறுகின்றார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை எடுத்து, நீரிற் கரைத்துப் பருகினார்; மூன்று நாள் வயிறு கழிந்தது; இறையருளாற் பிழைத்தேன் என்று எழுதினார். அரபு மொழியிற் புளிக்குத் 'தமர் ஹிந்தி' என்று பெயர். இந்தியப் பேரீச்சம்பழம் என்பது பொருள். ஆங்கிலத்தார் 'டாமரிண்டு' என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே. அண்மைக் காலம் வரை தமிழர் நிறுத்தல் அளவையாக வழங்கிய 'ராத்தல்' என்னும் சொல்லும் அரபு மொழி தந்தது. கடல்வழியே வந்தவர்களோடு சொற்களும் வந்தன; சரக்குகளோடு சொற்களும் சென்றன. கொள்ளைநோய்க்குப் புளி மருந்தாகும் என்று இதனால் எவரும் எண்ணிவிடலாகாது. அவர் பிழைத்தார் என்பதே செய்தி.

எழுந்து நடமாடும் வலிமை வந்ததும், அந்நகரத்தில் ஒருநாளும் தங்க அவர் மனம் இசையவில்லை. மாலத்தீவின்மேற் படை அனுப்புவதற்கு இன்னும் ஒரு திங்களே உள்ளது. பொறுத்திருந்து, முன்னவன் வாக்களித்த பொருளனைத்தும் பெற்றுச் செல்லலாம் என்று புதிய அரசன் வேண்டினான். அவர் உடன்படவில்லை. விடைபெற்றுப் பட்டணம் சேர்ந்து, ஏமன் நாட்டுக்குச் செல்லவிருந்த மரக்கலம் ஒன்றில் ஏறினார். கோவலன் அழகிய மதுரையைக் கண்டு, புகழ்ந்து, அங்கேயே உயிர் துறந்தான். இவரோ மதுரையிற் சாவையே கண்டு, வெறுத்து, உயிரோடு மீண்டார்.

அதன் பின்னும் அவர்க்கு அமைதி வாய்க்கவில்லை. கொல்லத்தில் மூன்று திங்கள் தங்கியபின், மேற்குக் கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றபோது, பன்னிரண்டு கலங்களில் வந்த கடற்கொள்ளையர் அவர் மரக்கலத்தை வளைத்தனர். இலங்கையிற் பெற்ற மணிகள், சேமித்த பொருள், உடுத்த உடை யாவும் போயின. இடையிற் கட்டிய ஓர் ஆடையோடு கரையில் விடப்பட்டார். கள்ளிக்கோட்டையில் ஒருவர் மேலாடையும், ஒருவர் தலைப்பாகையும், மற்றொருவர் வேறொரு துணியும் ஈந்தனர்.

மதுரையிற் சுல்தான்களின் ஆட்சியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1370-களில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பால் அது அழிந்தது. அவர் மனைவி கங்காதேவி அவ்வெற்றியை வடமொழியிற் காவியமாகப் பாடினார்.

ஏறத்தாழ 30 ஆண்டு அலைந்து திரிந்தபின் இப்னு பதூதா தம் நாடு மீண்டார். பேஸ் நகரத்து மன்னர் ஆணைப்படி, 1355-ஆம் ஆண்டில், தாம் கண்டவற்றை அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் புலவர் எழுதினார். மதுரையை விட்டு நீங்கி அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் வேறு பல நகரங்களை அவர் கண்டிருந்தார். ஏராளமான பெயர்களையும் முகங்களையும் மறந்தும் இருப்பார். அந்நூலில் மதுரை பெறும் இடம் சில பக்கங்களே. எட்டு வயது மைந்தனுக்குப் போர்வைத் துணி கேட்டு வந்த தாய் அப்பக்கங்களில் இருக்கின்றார். அவர் பெயர் மட்டும் இல்லை.